புது கிட், பழைய செட்டிங்: எதையெல்லாம் நாமே போட வேண்டும்

கோட் மாற்றங்களின் வரலாற்றைப் பதிவுசெய்து வைக்கும் மென்பொருளான கிட்டின் புதுப் பதிப்பை நிறுவி முடித்ததும் எதுவும் மாறியதாகவே தெரியாது. அது அதன் சுபாவம். 2005 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார்; அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஜூனியோ ஹமானோ பராமரித்து வருகிறார். கிட் காட்டும் வரிகளை அப்படியே எதிர்பார்த்து ஓடும் ஸ்கிரிப்ட்கள் உலகத்தில் எத்தனையோ. அதனால் பழைய நடத்தையில் கை வைப்பதென்றால் அந்தக் குழுவுக்குத் தயக்கம் அதிகம். ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது, நல்ல நல்ல வசதிகளும் வருகின்றன. ஆனால் பாதிக்கு மேல் அணைத்த நிலையில்தான் வருகின்றன. போட வேண்டியது நாம்.

கோவையில் நூற்பாலைகளுக்கு பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எழுதிக்கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களின் லேப்டாப்பில் கிட்டைச் சரிபண்ணிக் கொடுப்பது எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. "அக்கா, கிட் திட்டுதுங்க" என்று வருகிறவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பாருங்கள்.

கிட் --வெர்ஷன்

உபுண்டு 20.04-இல் 2.25 இருக்கும், 22.04-இல் 2.34, 24.04-இல் 2.43. சிஸ்டத்தை அப்டேட் செய்துகொண்டே இருந்தாலும் கிட் அங்கேயே நிற்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான் வரும். புதுசு வேண்டுமென்றால் கிட்-கோர் குழுவின் பிபிஏவை (உபுண்டுவுக்கான கூடுதல் மென்பொருள் களஞ்சியம்) சேர்த்து அங்கிருந்து நிறுவுங்கள். விண்டோஸில் "கிட் அப்டேட்-கிட்-ஃபார்-விண்டோஸ்" என்று அடித்தால் அதுவே இறக்கிக்கொள்ளும். மேக்கில்தான் ஒரு குழப்பம்: ஹோம்ப்ரூ என்ற நிறுவும் கருவி வழியாகப் புதுசை நிறுவிய பிறகும் டெர்மினல் ஆப்பிள் தந்த பழைய கிட்டையே கூப்பிடக்கூடும். வெர்ஷன் வரியின் கடைசியில் ஆப்பிள் பெயர் தெரிந்தால் பாத் அமைப்பை (கட்டளைகளை எங்கெங்கே தேடுவது என்ற பட்டியல்) திருத்த வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்வதில் பெரும்பகுதிக்கு 2.38 இருந்தாலே போதும். 2.51-க்குப் போய்விட்டால் இன்னும் நல்லது.

செட்டிங் போடுவதற்கு முன், இப்போது எது எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கிட் கான்ஃபிக் --லிஸ்ட் --ஷோ-ஆரிஜின்

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று காட்டும். முந்தைய வேலையில் போட்டுவைத்த மின்னஞ்சல் முகவரியோடு கமிட் (மாற்றங்களை வரலாற்றில் பதிவது) செய்துகொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அது இங்கேயே பிடிபடும்.

இனி முதல் செட்டிங். புது பிராஞ்ச் (தனியாகப் பிரியும் வேலைக் கிளை) உருவாக்கி, கமிட் செய்து, சர்வருக்கு அனுப்ப கிட் புஷ் என்று அடித்ததும் "அப்ஸ்ட்ரீம் பிராஞ்ச் இல்லை" என்று அது ஒரு நீள வரியைக் காட்டி, அதை நகலெடுத்து ஒட்டச் சொல்லும். வருஷக்கணக்காக எல்லோரும் அதை நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருந்தோம். 2022 ஜூனில் வந்த 2.37-இல் இதற்கு முடிவு கட்டினார்கள்.

கிட் கான்ஃபிக் --குளோபல் புஷ்.ஆட்டோசெட்டப்ரிமோட் ட்ரூ

இதோடு, சர்வரில் உள்ளதை எடுத்துவரும் புல் சமாசாரத்தையும் முடித்துவிடலாம். 2.33-இலிருந்து, உங்கள் பிராஞ்சும் சர்வரில் உள்ளதும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போயிருந்தால் கிட் புல் நின்றுவிடும். மெர்ஜா (இரண்டையும் இணைப்பது), ரீபேஸா (உங்கள் கமிட்களை அவர்களுடையதன் மேல் மறுபடி அடுக்குவது) என்று உங்களையே சொல்லச் சொல்லும். முன்பெல்லாம் கேட்காமலேயே ஒரு மெர்ஜ் கமிட்டைப் போட்டுவிடும், வரலாறு முழுக்க அர்த்தமில்லாத மெர்ஜ்களாக நிறைந்து கிடக்கும். எங்கள் குழுவில் புல்.எஃப்எஃப் என்பதற்கு "ஒன்லி" என்று போட்டிருக்கிறோம். நேராக முன்னே நகர முடிந்தால் நகரும், இல்லையென்றால் நிற்கும். நின்ற இடத்தில் என்ன செய்வதென்று ஆள் முடிவெடுக்கட்டும்.

அடுத்தது கான்ஃப்ளிக்ட், அதாவது ஒரே இடத்தை இருவர் வெவ்வேறாக மாற்றியிருந்தால் வரும் மோதல். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

கிட் கான்ஃபிக் --குளோபல் மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல் ஸிடிஃப்3

வழக்கமாக கான்ஃப்ளிக்ட் வந்தால் கிட் இரண்டு பக்கங்களைக் காட்டும்: உங்களுடையது, அவர்களுடையது. பில்லிங் கோப்பில் இப்படி ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

<<<<<<< ஹெட்
தள்ளுபடி = 3
=======
தள்ளுபடி = 2 + கூடுதல்
>>>>>>> சீசன்-ஆஃபர்

எது சரி? இதை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மூன்றை இரண்டாக்கி கூடுதலைச் சேர்த்தாரா, இரண்டாக இருந்ததை நீங்கள் மூன்றாக்கினீர்களா? ஸிடிஃப்3 போட்டிருந்தால் நடுவில் இன்னொரு பகுதி வரும்:

<<<<<<< ஹெட்
தள்ளுபடி = 3
|||||||
தள்ளுபடி = 2
=======
தள்ளுபடி = 2 + கூடுதல்
>>>>>>> சீசன்-ஆஃபர்

குழாய்க் கோடுகளுக்குக் கீழே இருப்பது, இருவரும் கை வைப்பதற்கு முன் இருந்த மூலம். இப்போது கதை தெளிவு. நீங்கள் சதவீதத்தை ஏற்றினீர்கள்; அவர் அதே சமயத்தில் ஒரு கூடுதலைச் சேர்த்தார். விடை இரண்டு பக்கத்திலும் இல்லை: "3 + கூடுதல்" என்று நாமே எழுத வேண்டும். மூலம் தெரியாமல் "என்னுடையதை வைத்துக்கொள்" என்று பட்டனை அழுத்தியிருந்தால் சீசன் ஆஃபர் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும், மில்காரர் போன் செய்த பிறகுதான் தெரியும்.

மூலத்தைக் காட்டும் டிஃப்3 பாணி கிட்டில் ரொம்ப காலமாக உண்டு. ஆனால் அது இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் வரிகளையும் சேர்த்து அள்ளிப் போட்டுவிடும். நாற்பது வரி கான்ஃப்ளிக்டில் உண்மையான சண்டை மூன்று வரியில் இருக்கும். 2022 ஜனவரியில் 2.35-ஓடு வந்த ஸிடிஃப்3, தொடக்கத்திலும் முடிவிலும் ஒத்துப்போகும் வரிகளை வெளியே தள்ளிவிட்டு மீதியை மட்டும் காட்டுகிறது.

அடுத்த பதிப்பான 2.36-இல் வந்த இன்னொன்று, கோட் ரிவ்யூ செய்கிறவர்களுக்கு. யாரோ கான்ஃப்ளிக்டைத் தீர்த்து ஒரு மெர்ஜ் கமிட் போட்டிருக்கிறார். அந்தத் தீர்வில் அவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

கிட் ஷோ --ரீமெர்ஜ்-டிஃப்

கிட் அந்த மெர்ஜை மறுபடி தானே செய்து பார்த்து, தனக்குக் கிடைத்த கான்ஃப்ளிக்டுக்கும் மனிதர் எழுதிய முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். "மெர்ஜ்தானே" என்று யாரும் திறந்து பார்க்காத கமிட்களில்தான் பிழைகள் ஒளிந்திருக்கும். ரிலீஸுக்கு முந்தின நாள் நான் தவறாமல் ஓட்டுவது இது.

ரீரீரீ என்ற விசித்திரப் பெயருள்ள வசதி புதிதல்ல. ஆனாலும் இன்றுவரை அணைத்தே கிடக்கிறது.

கிட் கான்ஃபிக் --குளோபல் ரீரீரீ.எனேபிள்ட் ட்ரூ

ஒரு கான்ஃப்ளிக்டை நீங்கள் எப்படித் தீர்த்தீர்கள் என்று நினைவில் வைத்துக்கொண்டு, அதே கான்ஃப்ளிக்ட் மறுபடி வந்தால் அதே தீர்வைத் தானே போட்டுவிடும். நீளமான பிராஞ்சை அடிக்கடி ரீபேஸ் செய்கிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். தீர்த்தவற்றை 60 நாளும், தீர்க்காமல் விட்டவற்றை 15 நாளும் வைத்திருக்கும். ஒரு எச்சரிக்கை: தப்பான தீர்வையும் அதே விசுவாசத்தோடு நினைவில் வைத்துக்கொள்ளும். அப்படி நேர்ந்தால், கான்ஃப்ளிக்ட் நிலையில் இருக்கும்போதே "கிட் ரீரீரீ ஃபர்கெட்" என்று கோப்பின் பெயரைக் கொடுங்கள்.

கேட்காமலேயே கிடைத்த ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். எலைஜா நியூரன் எழுதிய ஆர்ட் என்ற மெர்ஜ் எஞ்சின் 2021 நவம்பரில் வந்த 2.34 முதல் தானாகவே இயங்குகிறது. நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திய பிறகு மெர்ஜ் செய்து பார்த்தவர்களுக்கு அருமை தெரியும். பெயர் மாற்றங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பழைய எஞ்சினுக்குப் பெரிய பாரம். தேவையில்லாத தேடலை ஆர்ட் தவிர்த்துவிடுகிறது. இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

அடுக்கு பிராஞ்ச்களோடு வேலை செய்கிறவர்களுக்கு அடுத்தது. ஸ்டாக் டேபிளை மாற்றும் பிராஞ்ச் ஒன்று, அதன் மேல் நின்று ரிப்போர்ட்டை மாற்றும் பிராஞ்ச் ஒன்று, அதன் மேல் திரையை மாற்றும் பிராஞ்ச் ஒன்று. அடியில் இருப்பதில் ஒரு திருத்தம் வந்தால் மூன்றையும் ஒவ்வொன்றாக ரீபேஸ் செய்ய வேண்டியிருந்தது; இரண்டாவதைச் செய்யும்போது முதலாவதின் பழைய கமிட்கள் இரட்டையாக வந்து நிற்கும். 2022 அக்டோபரில் வந்த 2.38 இதைத் தீர்த்தது.

கிட் கான்ஃபிக் --குளோபல் ரீபேஸ்.அப்டேட்ரெஃப்ஸ் ட்ரூ

இனி மேலே இருக்கும் பிராஞ்சில் நின்று ஒரு தடவை ரீபேஸ் செய்தால், நடுவில் உள்ள பிராஞ்ச்களின் முனைகளையும் கிட் தானே புது கமிட்களுக்கு நகர்த்திவிடும். உங்கள் கணினியில் உள்ள பிராஞ்ச்களை மட்டும்தான் நகர்த்தும். சர்வருக்கு மூன்றையும் நீங்கள்தான் அனுப்ப வேண்டும், அதுவும் சர்வரில் இருப்பதை மேலெழுதும் ஃபோர்ஸ் போட்டு.

ஃபோர்ஸ் என்றதும் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வெறும் --ஃபோர்ஸ் போடாதே, --ஃபோர்ஸ்-வித்-லீஸ் போடு என்பது எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கப்படுவது. சர்வரில் இருப்பது நீங்கள் கடைசியாகப் பார்த்ததுதானா என்று அது சரிபார்க்கும். வேறு யாராவது நடுவில் புஷ் செய்திருந்தால் மறுத்துவிடும். ஆனால் "நீங்கள் கடைசியாகப் பார்த்தது" என்பதை அது உங்கள் கணினியில் உள்ள ரிமோட் பிராஞ்சின் நகலை வைத்துத்தான் முடிவு செய்கிறது. விஎஸ் கோட் போன்ற எடிட்டர்களில் பின்னணி ஃபெட்ச் (சர்வரில் உள்ளதை அந்த நகலுக்குக் கொண்டுவருவது) போட்டிருந்தால், உங்கள் கண்ணில் படாமலேயே அந்த நகல் புதுப்பிக்கப்பட்டுவிடும். கிட்டைப் பொறுத்தவரை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். பக்கத்து சீட்டுக்காரரின் கமிட் அழிந்துவிடும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2020 டிசம்பரில் 2.30-இல் --ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் வந்தது. ஃபெட்ச் ஆனது மட்டும் போதாது, அந்த கமிட்களை உங்கள் பிராஞ்சில் நிஜமாகவே சேர்த்துப் பார்த்திருக்கிறீர்களா என்று ரெஃப்லாகை (பிராஞ்ச் முனை நகர்ந்ததெல்லாம் பதிவாகும் குறிப்பேடு) புரட்டும். தனியாகப் போட்டால் பயனில்லை, லீஸோடு சேர்ந்துதான் வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் அடிக்க முடியாது என்றால்:

கிட் கான்ஃபிக் --குளோபல் புஷ்.யூஸ்ஃபோர்ஸ்இஃப்இன்க்ளூட்ஸ் ட்ரூ

செக்அவுட்டை விட்டுவிட்டு ஸ்விட்ச், ரிஸ்டோர் இரண்டுக்கும் மாறுங்கள். 2019 ஆகஸ்டில் 2.23-இல் வந்தவை, ஆறு வருஷம் "சோதனை நிலையில் உள்ளது" என்ற முத்திரையோடு இருந்துவிட்டு, 2025 ஆகஸ்டில் 2.51-இல்தான் அந்த முத்திரையை எடுத்தார்கள். ஒரே செக்அவுட் கட்டளை பிராஞ்சும் மாற்றும், திருத்திய கோப்பைப் பழையபடி ஆக்கி உங்கள் வேலையையும் அழிக்கும். ரிப்போர்ட் என்ற பெயரில் பிராஞ்சும் ஃபோல்டரும் இருந்தால் எது நடக்கும் என்று புதியவர் எப்படி அறிவார்? கிட் ஸ்விட்ச் பிராஞ்சை மட்டும் தொடும், கிட் ரிஸ்டோர் கோப்பை மட்டும் தொடும். புது பிராஞ்சுக்கு கிட் ஸ்விட்ச் -சி. அடுத்த கமிட்டுக்காக ஸ்டேஜ் செய்து வைத்ததைத் திரும்ப எடுக்க கிட் ரிஸ்டோர் --ஸ்டேஜ்ட். ரிஸ்டோரும் கேட்காமல் அழிக்கும்தான். ஆனால் அழிக்கப்போகிறோம் என்று தெரிந்து அடிக்கிறோம்.

இப்போது அந்தத் திட்டு. பொது சர்வரிலோ, பென் டிரைவிலோ, டாக்கர் கன்டெய்னருக்குள்ளோ உள்ள ரிப்போவை (ப்ராஜெக்டின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் ஃபோல்டர்) திறந்தால், "இந்த ஃபோல்டரின் உரிமை சந்தேகத்துக்குரியது" என்று சொல்லி கிட் வேலை செய்ய மறுக்கும். 2022 ஏப்ரலில் 2.35.2-இல் வந்த பாதுகாப்புத் திருத்தம் இது. பல லினக்ஸ் விநியோகங்கள் பழைய பதிப்புகளிலும் இதைச் சேர்த்துவிட்டன. காரணம் நியாயமானது. கிட் இருக்கும் இடத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு ஃபோல்டராக ரிப்போவைத் தேடும். பலர் பயன்படுத்தும் கணினியில் ஒருவர் மேல் ஃபோல்டரில் தன் ரிப்போ ஒன்றை வைத்து, அதன் கான்ஃபிக்கில் விஷமக் கட்டளை எழுதிவிட்டால், கீழே நீங்கள் வெறும் ஸ்டேட்டஸ் பார்த்தாலே அந்தக் கட்டளை உங்கள் பெயரில் ஓடிவிடும்.

இணையத்தில் தேடினால் சேஃப்.டைரக்டரிக்கு நட்சத்திரக் குறி போடு என்று முதலில் வரும். அது பூட்டைக் கழற்றி எறிவது. ஃபோல்டர் உங்களுடையதாக இருந்தும் உரிமை மட்டும் ரூட்டுக்குப் (நிர்வாகிக் கணக்கு) போயிருந்தால் சோன் என்ற லினக்ஸ் கட்டளையால் உரிமையைத் திரும்ப வாங்குங்கள். நிஜமாகவே பொது ஃபோல்டர் என்றால் அந்த ஒரு பாதையை மட்டும் சேருங்கள்:

கிட் கான்ஃபிக் --குளோபல் --ஆட் சேஃப்.டைரக்டரி /பொது/பில்லிங்

ரிப்போவுக்குள் உள்ள கான்ஃபிக்கில் இதை எழுதினால் கிட் மதிக்காது. மதித்தால் திருடனே தனக்கு நற்சான்று எழுதிக்கொள்வானே.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறவர்களுக்கு இதுவரை யாராவது சொல்லியிருப்பார்களா தெரியவில்லை. எங்களிடம் மில்களுக்கான ரிப்போர்ட் டெம்ப்ளேட்கள் தமிழ்ப் பெயரில் இருக்கின்றன. கிட் ஸ்டேட்டஸ் அடித்தால் "பில்" என்ற பெயர் \340\256\252 என்று தொடங்கி எண்களாகக் கொட்டும். கோப்பு கெட்டுப்போகவில்லை, ஆஸ்கிக்கு வெளியே உள்ள எழுத்தை கிட் இயல்பாகவே எண்ணாக்கிக் காட்டுகிறது. இதை நிறுத்த:

கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ்

பிராஞ்ச் பெயரும் கமிட் செய்தியும் தமிழில் எழுத எந்தத் தடையும் இல்லை. கோப்பின் பெயரை மட்டும் ரொம்ப நீளமாக வைக்காதீர்கள். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட் பிடிக்கும், லினக்ஸின் எக்ஸ்ட்4-இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. புள்ளியும் கால்களும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் சீக்கிரமே நிறைந்துவிடும்.

சின்னச் சின்னவை சில. ஃபெட்ச்.ப்ரூனுக்கு ட்ரூ போட்டால் சர்வரில் அழிக்கப்பட்ட பிராஞ்ச்களின் நகல்கள் உங்களிடமிருந்தும் போகும். பிராஞ்ச்.சார்ட்டுக்கு -கமிட்டர்டேட் போட்டால் கடைசியாகத் தொட்ட பிராஞ்ச் மேலே நிற்கும். கமிட்.வெர்போஸ் போட்டால் செய்தி எழுதும் திரையிலேயே மாற்றங்கள் கீழே தெரியும். மறந்துபோன டீபக் வரிகள் அங்கேதான் மாட்டும். பெரிய ரிப்போ என்றால் அதற்குள் நின்று "கிட் மெயின்டனன்ஸ் ஸ்டார்ட்" ஒருமுறை அடியுங்கள், பராமரிப்பு வேலைகளைப் பின்னணியில் மணிக்கும் நாளுக்கும் வாரத்துக்குமாகப் பிரித்துச் செய்துகொள்ளும். அதன் பின்னணி ஃபெட்ச் தனி இடத்தில் சேமிக்கப்படுவதால் மேலே சொன்ன லீஸ் பாதுகாப்பை அது குலைக்காது.

முழு ப்ராஜெக்டையும் ஒருமுறை ஃபார்மேட்டர் வைத்து ஒழுங்குபடுத்தினால், எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேம் எல்லா வரிக்கும் ஃபார்மேட் செய்தவரையே கைகாட்டும். 2.23 முதல் இதற்கு வழி இருக்கிறது: ஒதுக்க வேண்டிய கமிட்களின் ஐடிகளை ஒரு கோப்பில் எழுதி, பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் என்பதில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். இதைக் குளோபலாகப் போடாதீர்கள். அந்தக் கோப்பு இல்லாத ரிப்போக்களில் பிளேமே ஓடாது.

போட்டது எது பிடிக்கவில்லை என்றாலும் கான்ஃபிக் கட்டளையில் --அன்செட் கொடுத்து எடுத்துவிடலாம். ரிப்போவுக்குள் உள்ள கமிட்களை இவை எதுவும் தொடுவதில்லை.

கிட் 3.0 பற்றியும் கேட்கிறார்கள். அதில் புதிதாக உருவாக்கும் ரிப்போக்களுக்கு முதல் பிராஞ்ச் மெயின் என்றும், கமிட் ஐடியைக் கணக்கிடும் ஹேஷ் முறை ஷா-256 என்றும், பிராஞ்ச்களைச் சேமிக்கும் வடிவம் ரெஃப்டேபிள் என்றும் மாற்றத் திட்டமிட்டிருக்கிறார்கள். இப்போது பயன்படும் ஷா-1-இன் மீதான நம்பிக்கை 2017 பிப்ரவரியிலேயே ஆட்டம் கண்டது. கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் ஒரே ஷா-1 ஹேஷ் கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை உருவாக்கிக் காட்டின. அந்த வகைத் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் ஷா-1 வடிவத்தை கிட் அதே ஆண்டில் 2.13-இல் சேர்த்துவிட்டது. எனவே இருக்கும் ரிப்போக்களை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்; ஷா-1 ரிப்போவும் ஷா-256 ரிப்போவும் தங்களுக்குள் புஷ், புல் செய்துகொள்ள முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

2.45-இல் அறிமுகமான ரெஃப்டேபிள் எனக்குப் பிடித்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு பிராஞ்சும் ஒரு சிறு கோப்பு. அதனால்தான், பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றெனக் கருதும் விண்டோஸிலும் மேக்கிலும், எழுத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு பிராஞ்ச் பெயர்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொள்கின்றன. ரெஃப்டேபிளில் எல்லாம் ஒரே அட்டவணைக்குள் போய்விடுவதால் அந்தச் சிக்கல் இல்லை.

இதற்காக இப்போதே செய்ய வேண்டியது ஒரு தேடல்தான். உங்கள் டிப்ளாய் ஸ்கிரிப்ட்களில், கிட் ஃபோல்டருக்குள் ரெஃப்ஸ், ஹெட்ஸ் என்று நேராக நுழைந்து கோப்பைப் படிக்கும் வரி எங்காவது இருக்கிறதா பாருங்கள். ரெஃப்டேபிளில் அந்தக் கோப்பே இருக்காது. அங்கே, பிராஞ்சின் கமிட் ஐடியைத் தரும் கிட் ரெவ்-பார்ஸ் போடுங்கள். கமிட் ஐடி 40 எழுத்துதான் என்று நம்பி எழுதிய சரிபார்ப்பும், 40 எழுத்துக்கு மேல் இடமில்லாத டேட்டாபேஸ் நெடுவரிசையும் கண்ணில் பட்டால் அவற்றையும் குறித்து வையுங்கள். ஷா-256-இல் அது 64.